மொய்க் கணக்கை மீட்டுக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும், உறவாக வந்து நின்றவர்களுக்கும், வணக்கம்.

எங்கள் வீட்டு மொய்க் கணக்கு திரும்பக் கிடைத்துவிட்டது. முழுதாக இல்லை. ஆனாலும், இந்த ஆவணிக்கு வந்து குவிந்திருக்கும் அழைப்பிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று தெரியாமல் விழிக்கும் நிலை இனி இல்லை. வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. ஆட்களும் அதிகம், ஊர்களும் அதிகம் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். விடுபட்டவர்கள் கோபித்துக்கொள்ளாமல், அடுத்த முறை பார்க்கும்போது உரிமையோடு திட்டிவிடுங்கள்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தவர்களுக்கு மொய் விருந்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி. ஆடி, ஆவணி மாதங்களில், கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமலேயே, மொய் வாங்குவதற்கென்றே பத்திரிகை அடித்துக் கறி விருந்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போடலாம், கடை வைக்கலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. அவர்கள் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பிச் செய்துவிட்டு, மேலே கொஞ்சம் சேர்த்துப் போட வேண்டும். அந்தக் கூடுதல் தொகை அவர்கள் பேரில் புதிதாக ஏறும். இத்தனைக்கும் ஆதாரம் மொய் நோட்டு ஒன்றுதான். வாங்கியதற்குக் குறைவாகச் செய்துவிட்டால், நோட்டு தொலைந்துவிட்டது என்று பந்தலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் நோட்டுகள் 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயலில் நனைந்தன. தென்னைகளைச் சாய்த்த காற்று கூரை ஓடுகளையும் தூக்கிக்கொண்டு போனதில், பரணில் இருந்ததெல்லாம் ஊறிவிட்டது. அப்பா ஒவ்வொரு தாளாக வெயிலில் காயவைத்து, மை கரைந்த இடங்களை நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, தம்பி எக்ஸெல் கோப்பில் ஏற்றினான். அப்பா இப்போது இல்லை. நோட்டுகளில் மிஞ்சியதைக் கரையான் தின்றது. மடிக்கணினியில் இருந்த நகல் அதன் வன்தட்டோடு போயிற்று. கடைசியாக இருந்தது பென் டிரைவில் இருந்த கோப்பு. இந்த ஆடியில் அதில் புதுக் கணக்கைச் சேர்த்துச் சேமித்துக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்றது. திரும்ப வந்தபோது, கோப்பின் வடிவம் சரியில்லை என்று சொல்லி எக்ஸெல் அதைத் திறக்க மறுத்தது.

பட்டுக்கோட்டையில் கணினி பழுதுபார்க்கும் தம்பிக்கு முதல் நன்றி. "இதில் இனி எதையும் எழுதாதீர்கள். ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்" என்று சொல்லிவிட்டு, பென் டிரைவை அப்படியே முழு நகல் எடுத்து, இனி நகலில்தான் வேலை என்று மூலத்தை ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார். இன்னோர் இடத்தில், கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு தொகை சொன்னார்கள். அது ஒரு மொய் விருந்துக்கே ஆகும் செலவு. அதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

அடுத்து, எங்கள் தெருவில் கணினி அறிவியல் படிக்கும் மாணவி. மாமா மகள் முறை. நன்றி சொன்னால் முறைப்பாள், ஆனாலும் சொல்ல வேண்டும். எக்ஸெல் கோப்பு என்று நாம் நினைப்பது 2007 முதல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை என்று அவள்தான் காட்டினாள். உள்ளே பல சிறு கோப்புகள் இருக்கின்றன. தாள்கள் தனி, அலங்காரம் தனி, எழுத்தாகத் தட்டிய சொற்கள் தனி. மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் கடைசியில் இருக்குமாம். மின்சாரம் நின்றதில் எங்கள் கோப்பின் வால் எழுதப்படவே இல்லை. பட்டியல் இல்லாததால் எக்ஸெல் கைவிரித்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு சிறு கோப்பின் தலையிலும் அதன் பெயர் தனியாக எழுதியிருக்கிறது. அவள் சின்னதாக ஒரு பைதான் நிரல் எழுதி, தலை தலையாகத் தேடி ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்தாள்.

தாள்கள் இரண்டும் முழுதாக வந்தன: 'வந்தது' ஒன்று, 'செய்தது' ஒன்று. அவள் திரையில் காட்டிய ஒரு வரி இன்னும் கண்ணில் நிற்கிறது. 1391, 7, 2000, 41126. அவ்வளவுதான். எக்ஸெல் பெயர்களைத் தாளில் எழுதி வைப்பதில்லையாம். ஒவ்வொரு சொல்லையும் ஒரே ஒரு முறை தனிப் பட்டியலில் எழுதிவிட்டு, தாளில் அதன் வரிசை எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுமாம். 7 என்றால் ஆவணம் கிராமம். 2000 என்பது ரூபாய். 1391 யார்? அந்தச் சொற்பட்டியல்தான் பாதியில் அறுந்திருந்தது. ஆயிரத்துச் சொச்சத்தோடு நின்றுவிட்டது.

அறுந்த விதமும் விசித்திரம். முதலில் தட்டியவை பட்டியலில் முதலில் இருப்பதால் ஊர்ப் பெயர்கள் அனைத்தும் தப்பித்தன. பழைய நோட்டுகளிலிருந்து ஏற்றிய பெயர்களும் தப்பித்தன. போனவை, 2012 முதல் எங்கள் வீட்டு விசேஷத்துக்குப் புதிதாக வந்தவர்களின் பெயர்கள். தாத்தா காலத்தில் ஐந்து ரூபாய் எழுதிவிட்டுக் காலமானவர்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறார்கள். போன மாதம் கடைத்தெருவில் பார்த்துப் பேசியவர் பெயர் இல்லை.

அந்த 41126 தேதி. 1900 ஜனவரி 1 முதல் எண்ணிய நாள் கணக்கு என்று அவளே கணக்கிட்டு, 2012 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை என்றாள். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "திங்கள் இல்லை, ஞாயிறு. வங்கி விடுமுறை என்றுதானே அவ்வளவு பணத்தையும் வீட்டில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம்?" மறுபடி பார்த்ததில் அம்மா சொன்னதுதான் சரி. 1900ஆம் ஆண்டில் இல்லாத பிப்ரவரி 29ஐயும் எக்ஸெல் ஒரு நாளாக எண்ணுகிறது. அதற்கு முன் பழக்கத்தில் இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள் செய்த பிழையை, இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டார்களாம். அம்மாவுக்குத் தனியாக நன்றி எழுத வேண்டுமா என்று கேட்டேன். "எழுது, எழுது" என்றார்.

தப்பித்த பெயர்களைத் திறந்தால் அவையும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குவிந்து கிடந்தன. குப்பை, போய்விட்டது என்று ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். கீரமங்கலத்தில் பத்திரிகை அச்சடிக்கும் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது பாமினி" என்றார். தம்பி அந்த எழுத்துருவில் தட்டியிருக்கிறான். எழுத்துரு இல்லாத கணினியில் அது அப்படித்தான் தெரியும். அவர் கடைக் கணினியில் ஏற்றியதும் மொத்தமும் தமிழாக நின்றது. அப்படியே யூனிகோடுக்கு மாற்றியும் கொடுத்தார். ஆவணி முகூர்த்தப் பத்திரிகை வேலை தலைக்கு மேல் இருந்த வாரம் அது. அண்ணே, உங்கள் கடைப் பையன்களிடம் நான் வாங்கிக் குடித்த காபிக்கும் சேர்த்து நன்றி.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு வந்த மொய் ஒவ்வொன்றும் இன்னொரு வீட்டு நோட்டில் 'செய்தது' என்று இருக்கிறது. நாங்கள் செய்தது அவர்கள் நோட்டில் 'வந்தது' என்று இருக்கிறது. ஊர், தேதி, தொகை மூன்றும் எங்களிடம் இருந்ததால் பெயரை மட்டும் கேட்டால் போதும். தம்பி ஊர்வாரியாகத் தாள் எடுத்துக்கொண்டு கிளம்பினான். எங்களுக்குச் செய்தவர்கள் நோட்டைக் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அது அவர்கள் பணம். எதிர்பாராதது, எங்களுக்குத் தர வேண்டியவர்கள் வந்ததுதான். வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த வரி பெயரில்லாமலே போயிருக்கும். எங்களாலும் கேட்டிருக்க முடியாது.

குளமங்கலத்து அத்தை ஒருவர் பஸ் ஏறி வந்தார். மஞ்சள் பையில் நோட்டு, நோட்டுக்குள் வெற்றிலை. 2017இல் அவர்கள் வீட்டு விருந்துக்கு அப்பா செய்த 10,000 ரூபாய், அப்பாவின் இன்ஷியலோடு பக்கத்தில் இருந்தது. "மாமன் இல்லை என்பதற்காக இதை அமுக்கிவிட்டால் என் பேரனுக்கு விளங்குமா?" என்றார். சாப்பிடச் சொன்னோம். மொய் எழுதாத வீட்டில் சாப்பிடுவதாவது என்று கேலி செய்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். நெடுவாசலில் ஒரு மாமா, அவர் எங்களுக்குத் தர வேண்டிய தொகை எங்கள் தாளில் இருந்ததைவிட ஐநூறு ரூபாய் அதிகம் என்று வாதாடினார். இதுவரை அந்தச் சண்டை தீரவில்லை. கொத்தமங்கலத்தில் ஒரே இன்ஷியல், ஒரே பெயரில் மூன்று பேர்; அவர்களே உட்கார்ந்து பேசி யார் வரி எது என்று பிரித்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா பிள்ளைகள், ஊரில் இருக்கும் நோட்டைப் படம் எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். படங்களில் பாதி தலைகீழ். பரவாயில்லை.

எங்கள் விருந்துகளில் மொய் எழுதிய பெரியவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கண் சரியாகத் தெரியாத வயதில், ஊரையும் தொகையையும் வாசித்தால் போதும், "அது மிலிட்டரிக்காரர் வீடு, பங்காளியோடு வந்தார்" என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னதை அந்தந்த வீட்டு நோட்டோடு ஒத்துப் பார்த்துத்தான் ஏற்றினோம். ஒன்றிரண்டில்தான் தவறினார், அதைச் சொன்னபோது அந்த வீட்டு நோட்டுதான் தவறு என்றார்.

புதிய கோப்பு இப்போது தம்பியிடமும், என்னிடமும், மாமா மகளிடமும் இருக்கிறது. ஒரு பிரதி தாளில் அச்சிட்டு, தைத்து, அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

இன்னும் சில வரிகளுக்குப் பெயர் கிடைக்கவில்லை. எல்லாமே 2017 ஆகஸ்ட் 20 ஞாயிறு அன்று எங்களுக்கு வந்தவை. குருவிக்கரம்பை 5,000. சேந்தன்குடி 1,000. திருச்சிற்றம்பலம் 2,000, அதே ஊரிலிருந்து இன்னொரு 2,000. பனங்குளம் 500. உங்கள் நோட்டில் இருந்தால் சொல்லுங்கள். திருப்பிச் செய்யப் பணம் எடுத்து வைத்திருக்கிறோம். இந்த ஆவணியில் விருந்து வைப்பவராக இருந்தால் பத்திரிகையும் அனுப்புங்கள். எங்கள் பேரில் பாக்கி நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பெண்,
பேராவூரணி பக்கம்.