பாக்கியைத் தீர்க்காமல் விசில் ஊதாதீர்கள்

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளன நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்கும், 14 கிளப்புகளும் ஆடும் என்று மத்திய விளையாட்டு அமைச்சர் அறிவித்ததை வீட்டில் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதில் ஒரு கிளப்புக்கு ஆடும் என் தம்பி மட்டும் எதுவும் பேசவில்லை. மறுநாளே கிளப்பிலிருந்து அவனுக்குப் போன். போன சீசனில் கிளப்புக்கு 24 ஆட்டம், இந்த முறை 13தான், அதனால் சம்பளத்தையும் குறைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்கள். ஜூலையிலிருந்து தராத சம்பள பாக்கியைப் பற்றி மூச்சே இல்லை.

கிளப்பின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவனுக்கு பெஞ்சுகூடக் கிடைக்காது.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். 2010இல் வணிக உரிமைக்காக ஒரு கம்பெனியோடு நீங்கள் போட்ட 15 வருஷ ஒப்பந்தம், 2025 டிசம்பரில் முடியும் என்று போட்ட அன்றே தெரிந்த ஒப்பந்தம். அதைப் புதுப்பிக்காததால் 2025 ஜூலையிலேயே லீக் நின்றது. நவம்பரில் அந்த உரிமைக்கான டெண்டர் பெட்டியைத் திறந்தால் ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

நாங்கள் வட சென்னை வியாசர்பாடி. எங்கள் ஏரியா ஆட்டக்காரர் நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஆடி, மோகன் பகானுக்கு எதிராக அடித்த கோலுக்குப் பிறகு, 'பந்து சோறு போடுமா' என்று கேட்கும் அம்மாக்கள் இங்கே கொஞ்சம் குறைந்தார்கள். எங்கள் அம்மாவும் அதில் ஒருத்தி. இப்போது மறுபடி கேட்க ஆரம்பித்திருக்கிறாள்.

தம்பிக்கு 21 வயது, ரைட் பேக், வலது பக்கத் தடுப்பாட்டக்காரன். பைக் தவணைக்கு பேங்க்கிலிருந்து போன் வரத் தொடங்கியதும் கேரளாவில் மலப்புறத்துக்கு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் உள்ளூர்ப் பந்தயம்) ஆடப் போனான். ஒப்பந்தப்படி போகக்கூடாதுதான். வேறு பெயரில் ஆடினான். (இதற்கு மட்டும் உடனே நடவடிக்கை எடுப்பீர்கள் என்று தெரியும்.) மண் தரை, ராத்திரி லைட், ஆட்டம் முடிந்ததும் கவரில் காசு. மூன்றாவது ஆட்டத்தில் பின்னாலிருந்து ஒருவன் காலை வாரிவிட்டான். மங்களூர் மெயிலில் விடிகாலை சென்ட்ரல் வந்து இறங்கியவனை நான்தான் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன். வீட்டில் ஐஸ் இல்லை. ஃப்ரீசரில் கல்லாகிக் கிடந்த ஆவின் பாக்கெட்டைத் துண்டில் சுற்றி முட்டிமேல் வைத்தாள் அம்மா. ஸ்கேன் எடுக்கலாம்டா என்றேன். "வேணாண்ணா. எதுனா இருக்குன்னு வந்துட்டா கிளப் டாக்டர்கிட்ட எப்படி ஆச்சுன்னு சொல்றது?"

இன்று வரை எடுக்கவில்லை. அதே முட்டியோடுதான் காலையில் ஓடுகிறான். 2020இல் ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டத்திலேயே நம்மூர் ஆட்டக்காரர் சூசைராஜ் முட்டி போய் விழுந்ததைப் பார்த்தவன் நான். தம்பி ஓடுவதைப் பார்க்க வயிறு கலங்குகிறது.

கிளப் லைசென்ஸுக்கு ஆட்டக்காரரின் சம்பள பாக்கி இருக்கக் கூடாது என்பது ஏற்கெனவே விதி. புதிதாக எதையும் கேட்கவில்லை. பாக்கியைத் தீர்க்காத கிளப்பைக் களத்தில் இறக்காதீர்கள், அவ்வளவுதான். புகார் கொடுக்க கமிட்டி இருக்கிறதே என்பீர்கள். 21 வயதுப் பையன் கிளப்மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் எந்த கிளப்பின் கதவைத் தட்டுவான்?

2025 டிசம்பரில் மெஸ்ஸி கொல்கத்தா வந்தார். பந்தைச் சரியாகத் தொடக்கூட இல்லை, கையை ஆட்டினார். அதற்கு ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியும் அவரைப் பார்க்க முடியாமல் ஸ்டேடியத்தில் நாற்காலிகள் பறந்தன. அதை நடத்தியது நீங்கள் இல்லை, தெரியும். இருந்தாலும் கை ஆட்டுவதற்குக் கோடிகள் கிடைக்கிற ஊரில், ஆடுகிறவனுக்கு ஜூலையிலிருந்து கிடைக்கவில்லை என்றால் எரிகிறது. போகிற போக்கில் ஐஎஸ்எல் ஆட்டக்காரர்களையும் மைதானத்தைச் சுற்றிக் கை ஆட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். முட்டியாவது மிஞ்சும்.

மன்னிக்கவும். கேட்க வந்தது வேறு.

பிப்ரவரி 14க்கு முன் ஒவ்வொரு கிளப்பிடமும், பாக்கி தீர்ந்தது என்று ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்ட தாளை வாங்குங்கள். ஆட்டம் குறைந்தது என்று சம்பளத்தில் கை வைப்பதையும் தடுங்கள், அட்டவணையைக் குறைத்தது அவன் இல்லை. தாள் வராத கிளப்புக்கு விசில் ஊதாதீர்கள். தயவுசெய்து.

சம்பளம் வந்ததும் முதல் வேலையாக ஸ்கேன் எடுக்க தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஓர் அண்ணன்