கேட்ஸ் கோவ் பார்த்துவிட்டு வந்தேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்ல இடம் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் வலி விட்டது என்று எழுதியிருந்தாய். நல்லதாகப் போயிற்று, ஜூலையில் நீ இங்கே வரும்போது ஓர் இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஸ்மோக்கி மலைகளுக்கு நடுவே கேட்ஸ் கோவ் என்று ஒரு பள்ளத்தாக்கு. 1850 கணக்கெடுப்பில் 671 பேர் இருந்த ஊர். மேயர், நகரசபை எதுவும் கிடையாது. குடித்துவிட்டுத் தகராறு செய்தவனைக் கூப்பிட்டு விசாரித்ததுகூட சர்ச்தான்.

1818இல் ஜான் ஆலிவரும் மனைவி லுக்ரீஷாவும் இங்கே குடியேறினார்கள். அப்போது அது செரோக்கி பழங்குடிகளின் மண். முதல் குளிர்காலத்தில் இவர்களைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது செரோக்கிகள் கொடுத்த பூசணி வற்றல்தான் என்கிறார்கள். மறு வருஷமே ஓர் ஒப்பந்தத்தில் செரோக்கிகள் அந்த நிலத்தை இழந்தார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரில் ஊர் பெரும்பாலும் வடக்கின் பக்கம். தெற்கின் பக்கம் இருந்த வட கரோலினா மாநிலத்திலிருந்து எல்லை தாண்டி வந்து கொள்ளையடித்தவர்களை எதிர்த்து நின்ற ரசல் கிரெகரி என்ற முதியவரை 1864இல் கொன்றுவிட்டார்கள். வட கரோலினா கலகக்காரர்கள் கொன்றார்கள் என்று அவர் கல்லறையிலேயே எழுதியிருக்கிறது.

அப்புறம் 1920களில் தேசியப் பூங்காத் திட்டம் வந்தது. உங்கள் வீடுகளைத் தொடமாட்டோம் என்றுதான் முதலில் சொன்னார்கள். 1927இல் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கச் சட்டம் போட்டார்கள். ஆலிவரின் கொள்ளுப்பேரன் ஜான் டபிள்யூ. ஆலிவர், ஊரில் தபால் பட்டுவாடா செய்தவர், மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடினார். கடைசியில் தோற்று, 1937இல் ஊரைவிட்டுப் போனார். வேறு சிலர் ஆயுள் குத்தகைக்குச் சம்மதித்துத் தங்கினார்கள்.

என்னை மிகவும் உறுத்தியது இதற்குப் பிறகு நடந்ததுதான். ஊர்க்காரர்கள் நல்ல பலகை வீடுகள் கட்டி வாழ்ந்தவர்கள். பூங்காக்காரர்கள் அவற்றில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டு, பழைய மரக்கட்டை வீடுகளை மட்டும் விட்டுவைத்தார்கள். வருகிறவர்கள் அதைப் பார்த்து, 1930களிலும் இவர்கள் காட்டுவாசிகளாகவே இருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அது அந்த ஜனங்களுக்குச் செய்த இரண்டாவது அநியாயம் என்பேன்.

அதற்காக அந்த மரவீடுகளைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆலிவர் வீட்டு மூலையில் கைவைத்துப் பார்த்தேன். கட்டைகளின் முனைகளைச் சரிவாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று பூட்டியிருக்கிறார்கள். அங்கே ஓர் ஆணிகூட இல்லை, இடுக்குகளில் மண் பூச்சு, அவ்வளவுதான். கேபிள் குடும்பத்தின் தண்ணீர் மில்லும் இருக்கிறது, சோளம் அரைப்பதை நின்று பார்க்கலாம்.

கோடையில் புதன்கிழமைகளில் உள்ளே காரை விடுவதில்லை. அன்றைக்குப் போவோம். சுற்றுப்பாதை 11 மைல், உனக்கு அது அதிகம் என்றால் வாசலில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்