ஆரோன் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்

டெல்லி, மயூர் விகார்
ஜனவரி 18

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு. நைட் டூட்டி, அதான் பதில் தள்ளிப்போச்சு. வேற ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்.

இங்கே குளிர் 5 டிகிரிக்கு இறங்கிட்டு. ஊர்ல 8 மணி நேரத்துல பொங்குற இட்லி மாவு இங்கே 20 மணி நேரம் கேக்குது. அவசரப்பட்டுக் கொதிக்கிற தண்ணிக்குள்ள பாத்திரத்தை வச்சா ஓரம் வெந்துரும், நடுவுல புளிக்காது. வெந்தயம் ஒரு ஸ்பூன் கூட்டி, கையால கரைச்சு, ரஜாய்னு சொல்ற பஞ்சுப் போர்வைக்குள்ள சுத்தி வைக்கணும். அந்த ரஜாய்ல எனக்குப் பாதி, மாவுக்குப் பாதி. மாடி வீட்டு பஞ்சாபிப் பாட்டி, மதராசிக்குச் சாப்பிடத் தெரியாதுன்னு முடிவே பண்ணிட்டாங்க. டூட்டி முடிஞ்சு கண் அசரும்போதுதான் கதவைத் தட்டி முள்ளங்கி பராத்தாவை நீட்டுறாங்க. முடிக்கிற வரைக்கும் நகர மாட்டாங்க.

படுத்த படுக்கையா இருக்கிற அப்பாவைப் பாத்துக்கிறதுல ஜெபிக்கக்கூடத் தெம்பில்லைன்னு எழுதியிருக்க. 1 இராஜாக்கள் 19ஐ எடுத்துப் பாரு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு அடியில படுத்துச் சாவு கேட்டப்போ தூதன் பிரசங்கம் பண்ணல. தட்டி எழுப்பித் தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் காட்டினான். திரும்பத் தூக்கம், திரும்பச் சாப்பாடு. அந்தப் பெலத்துலதான் 40 நாள் ஓரேப் மலைக்கு நடந்தது. கர்த்தரோட மெல்லிய சத்தம் கேட்டது அதுக்குப் பிறகுதான். நீ பட்டினியா முழங்கால்ல நின்னுட்டு வசனம் மனசுல ஒட்டலைன்னு அழுறதுல அர்த்தமில்ல.

விசுவாசம் பத்தலைன்னு சொல்லிட்டுக் காப்பியும் குடிச்சிட்டுப் போறவங்க பேச்சை விடு. சங்கீதம் 88ல, இரட்சிப்பின் தேவனேன்னு கூப்பிட்டதோட சரி, கடைசி வரைக்கும் புலம்பல்தான். அதையும் ஜெபம்னுதானே வேதத்துல வச்சிருக்கு.

அப்பாவை 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பணும்ல, அதையே ஜெப நேரமா வச்சுக்கோ. சங்கீதம் 121ல 8 வசனம். காலை 6 மணியிலேருந்து ராத்திரி 8 வரைக்கும் 8 திருப்பு. ஒரு திருப்புக்கு ஒரு வசனம், அப்பா காதுல விழுற மாதிரி சொல்லு. மத்தியானம் 12க்கு, காக்கிறவர் உறங்குறதில்லைங்கிற நாலாவது வசனம் வரும். இடது, மல்லாக்க, வலதுன்னு மாத்து. ஆளைப் பிடிச்சு இழுத்தா தோல் உரியும். அடியில மடிச்சுப் போட்ட விரிப்பைப் பிடிச்சு உருட்டணும். கெண்டைக்காலுக்கு அடியில தலையணை வச்சுக் குதிகால் படுக்கையில படாமப் பாரு. முதுகுத்தண்டு அடியில சிவந்திருந்தா எண்ணெய் போட்டுத் தேய்க்காதே, உள்ளே சதை நசுங்கிப் புண்ணாயிரும். கஞ்சி கொடுத்ததும் அரை மணி நேரம் உட்கார்த்தி வை, படுக்க வச்சா புரையேறி நெஞ்சுல சளி கட்டும்.

ராத்திரி 10க்கும் 12க்கும் அத்தான் எழும்பட்டும். 8 மணித் திருப்பு முடிஞ்சு நீ படுத்தா 2 மணி வரைக்கும் விடாத தூக்கம். கேக்கக் கூச்சப்படாதே. யாத்திராகமம் 17ல, யுத்தம் நடக்கும்போது கையை உயர்த்திப் பிடிச்சிருந்த மோசேக்கே கை அசந்துபோச்சு. கல்லைப் போட்டு உட்கார வச்சு, ஆரோன் ஒரு பக்கம், ஊர்ங்கிறவர் ஒரு பக்கம் நின்னு சூரியன் சாயுற வரைக்கும் தாங்கினாங்க. சபை அம்மாமார் ஜெபிக்க வந்தா, ஜெபம் முடிஞ்சதும் ஒருத்தரை ரெண்டு மணி நேரம் அப்பா பக்கத்துல இருக்கச் சொல்லிட்டுப் போய்ப் படு. உனக்கு ஊர் பக்கத்துல இருக்கு அக்கா. எனக்குத்தான் ரயில் தூரம். போன ஞாயிறு ஆராதனையில, நம்ம அறுப்பின் பண்டிகை ஏலத்துல அப்பா ஒத்தை முருங்கைக்காய்க்கு நூறு ரூபா கேட்டது ஞாபகம் வந்துட்டு. அதுக்குப் பிறகு பாட்டே வரல.

அது கிடக்கட்டும். இந்த மாசம் பணம் பாதிதான் போட்டிருக்கேன். ரஜாய் வாங்கினது, வேற ஒண்ணுமில்ல. அப்பா பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று எடுக்கத் தபால்காரரையே வீட்டுக்கு வரச் சொல்லு; ஆதாரும் பென்ஷன் புத்தகமும் எடுத்து வை. கறுப்பு ஆட்டை இப்போ விக்க வேண்டாம். பனைவிளைச் சுவர் விஷயமா சித்தப்பா எந்தக் காகிதம் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே, மே மாசம் நான் வந்து பேசிக்கிடுதேன். அத்தான்கிட்ட மட்டும் சொல்லி வை, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புத் தங்கை