திருவொற்றியூர் லைனுக்கு முதலில் லைட் லெவல்

தண்டையார்பேட்டை

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. கேபிள் டிவி லைன் முழுவதையும் ஃபைபருக்கு மாற்றிவிட்டாய் என்று படித்ததில் மிகுந்த மகிழ்ச்சி. இரவானால் வீடியோ கால் விட்டுவிட்டு வருகிறது, மேலே இருக்கும் நிறுவனத்திடம் இன்னும் பேண்ட்வித் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வாங்காதே. லைட் சரியில்லாத ஃபைபரில் எவ்வளவு பேண்ட்வித் வாங்கினாலும், எந்தப் பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) என்ன முன்னுரிமை கொடுத்தாலும் பலனில்லை.

ஒரு தாளில் கணக்குப் போடு. ஓஎல்டியில், அதாவது உன் பக்கம் லைட் அனுப்பும் பெட்டியில், +3 டிபிஎம் கிளம்புகிறது என்று வை (டிபிஎம் லைட்டின் பலம், டிபி வழியில் ஆகும் இழப்பு). 6 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டர் 0.35 வீதம் 2.1 டிபி. லைட்டை எட்டாகப் பிரிக்கும் 1:8 ஸ்பிளிட்டர் 10.5, அடுத்த 1:4 ஸ்பிளிட்டர் 7.2. கனெக்டர் ஆறு, தலா 0.3 என்றால் 1.8. ஸ்ப்ளைஸ் (ஃபைபரை உருக்கி ஒட்டிய இடம்) எட்டு, தலா 0.1 என்றால் 0.8. மொத்தம் 22.4. அப்படியானால் வீட்டில் -19.4 அளவில் வரவேண்டும். -26 வந்தால் 6 டிபிக்கு மேல் எங்கேயோ போகிறது. பி-பிளஸ் வகை ஓஎன்டி, அதாவது வீட்டில் வைக்கும் பெட்டி, -27 வரை தாங்கும் என்பதால் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் விளிம்பில் நிற்கும் அந்த லைனில் இன்னும் ஒரு டிபி குறைந்தாலே பிட் பிழை ஏறி பாக்கெட் விழத் தொடங்கும்.

மீட்டர் விஷயத்தில் கவனம். நெட் 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வீட்டுக்கு வருகிறது, நீ டிவி சிக்னலையும் 1550-இல் அதே ஃபைபரில் அனுப்புகிறாய். சாதாரண பவர் மீட்டர் 1490-ஐயும் 1550-ஐயும் சேர்த்தே அளக்கும். டிவி லைட்டின் பலத்தில் நெட் லைனும் நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும். அலைநீளத்தைப் பிரித்துக் காட்டும் பான் மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

போன டிபியைத் தேடும்போது கனெக்டரிலிருந்து தொடங்கு. லைட் ஓடும் கோர் 9 மைக்ரான்தான். எண்ணூர், மணலிப் பக்கத்துத் தூசியில் ஒரு துகள் நடுவில் உட்கார்ந்தால் போதும். வாயால் ஊதுவதையும் சட்டையில் துடைப்பதையும் பையன்களிடம் அடியோடு நிறுத்தச் சொல். ஊதினால் ஈரம் படியும், துணி எண்ணெயைப் பூசிவிடும். முதலில் கிளிக் கிளீனர் (அழுத்தினால் முனையைத் துடைக்கும் பேனா போன்ற கருவி). போகாவிட்டால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பிசிறில்லாத துடைப்பானால் ஈரத்திலிருந்து உலர்ந்த பகுதிக்கு ஒரே இழுப்பு. பிறகு 400 மடங்கு ஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் சொருக வேண்டும். எதிர்முனையையும் துடைக்காமல் சொருகினால் அந்த அழுக்கு இதில் ஒட்டிக்கொள்ளும். பச்சைக் கனெக்டரை நீல அடாப்டரில் திணிப்பதையும் பார்க்கிறேன். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வு. நீலத்தோடு சேர்ந்தால் நடுவில் காற்று இடைவெளி நின்றுவிடும்.

கனெக்டர் சுத்தமாக இருந்தும் குறைகிறதா? ஃபைபரில் எந்த இடத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆரில் 1310, 1550 இரண்டிலும் எடு. (நெட், டிவி லைட் ஓடும் ஃபைபரில் இவை இரண்டையும் செலுத்தாதே, லைனைக் கழற்றிவிட்டு எடு, இல்லையென்றால் 1625 ஃபில்டர் உள்ள கருவி வேண்டும்.) ஒரே இடத்தில் 1550-இல் இழப்பு மிக அதிகம், 1310-இல் குறைவு என்றால் அங்கே வளைவு. கேபிள் டையை இறுக்கியிருப்பார்கள், அல்லது மிச்ச வயரைச் சின்னச் சுருளாகப் பெட்டிக்குள் திணித்திருப்பார்கள். பழைய 652 வகை ஃபைபருக்குச் சுருள் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வீட்டுக்குள் வளைவைத் தாங்கும் 657-ஏ2 வகை போடு, 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும். இரண்டு அலைநீளத்திலும் ஒரே அளவு இழப்பென்றால் ஸ்ப்ளைஸோ கனெக்டரோதான். காசிமேட்டிலிருந்து வடக்கே கடலோரம் முழுக்க உப்புக்காற்று. இரும்பு கிளாம்ப் துருப்பிடித்து வழுக்கினால் டிராப் வயர் (வீட்டுக்கு இழுக்கும் கடைசி வயர்) தொய்ந்து கன்டெய்னர் லாரிக்குச் சிக்கும். ஸ்டெயின்லெஸ் வாங்கு.

லைட் சரியாக இருந்து, பிழை எண்ணும் ஏறாமல், இரவில் மட்டும் இழுத்தால் அது நெரிசல். நீ போட்டிருக்கும் ஜிபான் வகை ஃபைபர் நெட்டில் கீழே (வீட்டுக்கு வருவது) 2.488, மேலே (வீட்டிலிருந்து போவது) 1.244 ஜிகாபிட், மேலே போகும் வழியை 32 வீடும் பங்கிடுகிறது. வீடியோ கால் உடைவது பெரும்பாலும் இந்த மேல்வழியில்தான். கேமரா பதிவை இரவும் பகலும் கிளவுடுக்கு ஏற்றும் ஒரு கடை போதும். மேல்வழியைப் பங்கிடும் வகைகளில் எல்லோரையும் டைப் 4-இல், அதாவது மிச்சம் கிடைத்தால் உனக்கு என்ற வகையில் விட்டிருப்பாய். டைப் 3-க்கு மாற்றி வீட்டுக்கு 15 மெகாபிட் உறுதியாகக் கொடு. 32-க்கும் சேர்த்து 480, தாராளமாக இடம் இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுபவர்கள் போட்டியிடட்டும். லேண்ட்லைன் குரலுக்கு மட்டும் டைப் 1, அதாவது நிலையான ஒதுக்கீடு. ஒரு காலுக்கு 100 கிலோபிட் போதும். வாட்ஸ்அப் கால் சாதாரண இன்டர்நெட் வழியில் போவதால், குரலுக்குக் கொடுக்கும் முன்னுரிமை அதற்கு உதவாது. அதனால்தான் அந்த 15-ஐ வலியுறுத்துகிறேன்.

ஓஎல்டியின் ஒரு போர்ட்டில் இருக்கும் எல்லா வீடும் ஒரே நேரத்தில் தடுமாறினால், ஏதோ ஒரு ஓஎன்டி தன் முறை வராமலே லைட் விடுகிறது. ஸ்பிளிட்டரின் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார். எதைக் கழற்றியதும் மற்றவை சீராகிறதோ அந்த வீடுதான்.

ஒரு பாதை அறுந்தாலும் மறுபாதை ஓடும்படி ரிங் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். இரண்டு ஃபைபரும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரே குழாயில் போனால் ஒரு ஜேசிபி பள்ளத்தில் இரண்டும் போய்விடும். ஒன்றை எண்ணூர் விரைவுச் சாலை வழியாகத் திருப்பு.

மோசமான மூன்று போர்ட்டை எடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் மதியம் ஒரு அளவு, இரவு ஒன்பதுக்கு ஒரு அளவு, கூடவே ஓஎல்டி காட்டும் பிழை எண், எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. வீட்டிலிருந்து ஓஎல்டிக்கு வரும் மேல்திசை லைட் அளவையும் விடாதே. -28-க்குக் கீழே போனால் ஓஎல்டிக்குக் கேட்காது. வந்ததும் உட்கார்ந்து பார்க்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமார்