செயலாளர் ஆண்டறிக்கை: பாய்லர் மாற்றிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 9 முறை கூடியது. ஆள் சேராததால் 2 கூட்டங்களை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. படிக்கட்டு விளக்குகள் மாற்றப்பட்டன. கூரைக் கசிவு அடைக்கப்பட்டது. ஆண்டு விழா நல்லபடியாக நடந்து முடிந்தது.

அடுத்து, வீட்டைச் சூடாக்க எல்லா ரேடியேட்டர்களுக்கும் குழாய் வழியே வெந்நீர் அனுப்பும் நம் பொது பாய்லர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "புது பாய்லர் வாங்கத்தானே ஒப்புதல் கொடுத்தோம், பழைய குழாயைக் கழுவ யார் சொன்னது?" என்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்டவர்கள் உண்டு. அப்போது நின்றபடியே சொன்ன பதில் அவர்களுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

கீழ்த்தள வீடுகளில் இரண்டு குளிர்காலமாகவே ரேடியேட்டர் மேலே சுடும், கீழே சில்லென்று இருக்கும். நானே உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். மேலே குளிர்ந்தால் உள்ளே காற்று நிற்கிறது என்று பொருள். கீழே குளிர்ந்தால் சகதி. ரேடியேட்டர் இரும்புத் தகடு. தண்ணீரில் ஆக்ஸிஜன் சேரச் சேர அது அரித்துக் கருந்துருவாக மாறும். மேக்னடைட் என்று அதற்குப் பெயர். தண்ணீரைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு கனம் என்பதால் ஓட்டம் மெதுவாக இருக்கும் அடிப்பக்கத்தில் போய்ப் படிந்துவிடும். ஒரு வீட்டில் வாரம் இருமுறை ரேடியேட்டரில் காற்று இறக்கிக்கொண்டிருந்தார்கள். அரிப்பு நடக்கும்போது உள்ளேயே ஹைட்ரஜன் உண்டாகும், அதுவும் காற்றைப் போலவே மேலே சேரும் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. இறக்கும்போது பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று அந்த வீட்டில் அன்றே சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய பாய்லர் வார்ப்பிரும்பு. அதன் நீர்வழி அகலம், சகதியோடு காலத்தை ஓட்டிவிட்டது. புதியதில் வெப்பம் மாற்றும் பகுதியின் வழிகள் குறுகல். இந்தச் சகதி அங்கே போய்ச் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஓரிடத்தில் நின்று கொதித்துக் கெட்டில் மாதிரி இரையும். இன்னொன்று: புகையில் போகும் நீராவியைக் குளிர்வித்து அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்வதால்தான் இந்த வகை பாய்லரில் எரிவாயு மிச்சமாகிறது. அதற்குத் திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பாதி ரேடியேட்டர் அடைத்துக் கிடந்தால் வீடு சூடாகாது, சூட்டை ஏற்றச் சொல்வீர்கள், ஏற்றினால் அந்தச் சேமிப்பு போய்விடும். கழுவாமல் மாட்டினால் தயாரிப்பாளர் உத்தரவாதமும் கேள்விக்குறிதான்.

இரண்டு மதிப்பீடுகள் வந்தன. குறைந்த மதிப்பீட்டில் கழுவும் வேலையே இல்லை. மருந்து ஊற்றி ஒருமுறை வடித்தால் போதும் என்றார்கள். கூடுதலானதை எடுக்கலாம் என்று செயற்குழுவில் வற்புறுத்தியது நான்தான். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

வேலைக்கு ஒரு வாரம் முன்பே கரைப்பு மருந்தை ஊற்றி, பழைய பாய்லரை ஓடவிட்டுச் சுற்ற வைத்தோம். பிறகு பம்பைக் கழற்றி அந்த இடத்தில் கழுவும் இயந்திரத்தைப் பொருத்தி, 3 நாள் வேலை. ஒரு ரேடியேட்டரை மட்டும் திறந்து மற்றவற்றை மூடி, தண்ணீரை வேகமாக ஒரு பக்கமும் அப்புறம் எதிர்ப்பக்கமும் ஓடவிட்டு, ரப்பர் சுத்தியலால் அடிப்பக்கத்தைத் தட்டினார்கள். ஒவ்வொரு வால்வும் எத்தனை சுற்று திறந்திருந்தது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். எல்லா ரேடியேட்டருக்கும் வெந்நீர் சீராகப் போகும்படி திரும்பச் சமன் செய்ய அது உதவியது. கீழ்த்தள முதல் வீட்டில் 40 நிமிடம் மைக்கறுப்பாகவே வந்தது. பிறகு தேநீர் நிறம். கடைசியில் வெள்ளை வாளியின் அடி தெரிந்தது. இயந்திரத்தின் காந்தத்தை மெக்கானிக் உருவிக் காட்டியபோது வண்டிமை பூசினாற்போல் விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. கையில் பட்டது இரண்டு நாள் போகவில்லை.

முதல் மாடியில் ஒரு குழாயில் ஊசிமுனை ஓட்டை தெரிந்து கம்பளம் நனைந்தது உண்மை. அந்த வீட்டாரிடம் சங்கத்தின் சார்பில் மறுபடியும் வருத்தம் தெரிவிக்கிறேன். ஆனால் கழுவியதால் ஓட்டை விழுந்ததாகச் சொல்வது சரியில்லை. அரித்துப்போன இடத்தைச் சகதிதான் அடைத்துவைத்திருந்தது. ஆள் நிற்கும்போது ஒழுகியதால் அரை மணியில் சரிசெய்ய முடிந்தது.

சகதி ஏன் சேர்ந்தது என்பதையும் பார்த்தோம். மேலே இருந்த சிறு தொட்டிக்குள் பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது, அது காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. இப்போது தொட்டியை எடுத்து, அமைப்பையே மூடிய அமைப்பாக மாற்றியாயிற்று. மருந்து போக அலசி, துருத் தடுப்பு மருந்து சேர்த்து, திரும்பும் குழாயில் காந்த ஃபில்டரும் வைத்திருக்கிறோம்.

இப்போது மனவருத்தத்தோடு ஒரு விஷயம். 12 வீடுகளில் 9 வீடுகள்தான் அந்த 3 நாளும் திறந்திருந்தன. 3 வாரம் முன்பே அறிவிப்பு ஒட்டினேன், கதவிடுக்கில் இரண்டு முறை கடிதம் போட்டேன், தொலைபேசியிலும் சொன்னேன். சாவி தருகிறேன் என்றவரும் தரவில்லை. அந்த 3 வீடுகளின் 11 ரேடியேட்டர்கள் கழுவப்படாமல் அப்படியே இருக்கின்றன. அவற்றின் வால்வைத் திறக்கும்போதெல்லாம் பழைய சகதி பொதுக் குழாய்க்கு வருகிறது. வேலை முடிந்த மூன்றாம் மாதம் மெக்கானிக்கோடு ஃபில்டரைத் திறந்தேன். ஏறக்குறைய சுத்தமாக இருந்திருக்க வேண்டிய காந்தம் மறுபடியும் கறுத்திருந்தது. 9 வீட்டார் விடுப்பு எடுத்து, குளிரில் உட்கார்ந்து ஒத்துழைத்தார்கள். அவர்கள் பாய்லரும் இதே பாய்லர்தான்.

பராமரிப்புக் கட்டணம் 4 வீடுகளில் பாக்கி, அதில் ஒரு வீட்டில் இரண்டாம் ஆண்டாக. பெயர் சொல்ல விரும்பவில்லை, பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. வரவுசெலவை அவர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால் செலவு வரவை மிஞ்சியது, காப்பு நிதியிலிருந்து ஈடுகட்டினோம், மிச்சம் அதிகமில்லை.

தலைவர், பொருளாளர், தணிக்கை பார்த்துத் தந்தவர், வேலையாட்களுக்கு மூன்று நாளும் இடம் கொடுத்த கீழ்த்தள வீட்டார் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் துருத் தடுப்பு மருந்தின் அளவைச் சோதிக்க வேண்டும், ஃபில்டரை அடிக்கடி துடைக்க வேண்டும். விடுபட்ட 11 ரேடியேட்டர்களையும் குளிர் தொடங்குமுன் ஒரே நாளில் முடித்துத் தருவதாக மெக்கானிக் சொல்லியிருக்கிறார். பாக்கி வந்தால்தான் அவருக்குத் தேதி கொடுக்க முடியும். இந்தப் பொறுப்பில் எனக்கு இது மூன்றாம் ஆண்டு. யாராவது முன்வந்தால் வால்வுக் கணக்கு எழுதிய நோட்டோடு மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். அதுவரை அந்த 3 வீட்டார் சாவியை என்னிடம் கொடுத்தால் போதும், வேலை முடியும்வரை நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்