கணக்கும் கணினியும் ஒரே வகுப்பில் வேண்டும்

ஐயா, வணக்கம்.

ஒலி போன்ற அலைகளை எண்களாக்கிக் கணினியில் ஆராயக் கற்பிக்கும், பொறியியல் மாணவர் 'டி.எஸ்.பி.' என்று சுருக்கிச் சொல்லும் டிஜிட்டல் சிக்னல் செயலாக்கப் பாடத்தை இனி மென்பொருளிலேயே நடத்திவிடலாம், கரும்பலகை விரிவுரைக்கு வேலையில்லை என்ற பேச்சு சேலம் வட்டாரத்திலும் கேட்கிறது. அப்பாடத்தை நடத்துபவன் என்ற முறையில் இதை நான் ஏற்கவில்லை. விரிவுரையே போதும் என்பாரையும் ஏற்கவில்லை.

ஒலியில் உள்ள உச்ச அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் மாதிரிகள் (அந்தந்தக் கணத்தில் அலையின் அளவைக் குறிக்கும் எண்கள்) எடுத்தாக வேண்டும் என்பது இப்பாடத்தின் அடிப்படை விதி. நொடிக்கு 8,000 மாதிரிகள் என வைத்து, 5,000 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால், மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் 3,000 ஹெர்ட்ஸில் அழகான கோடு ஒன்றை வரைந்து காட்டும். விதியை அறியாத மாணவர் அதை அப்படியே நம்பிவிடுவார். விதியை மனப்பாடம் மட்டும் செய்தவரோ, தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினாலும், அந்தக் கீச்சொலி தணிந்து வேறொன்றாகக் காதில் விழுவதை ஒருமுறையும் கேட்டிருக்க மாட்டார். ஆகவே விடையை முன்கூட்டியே தாளில் எழுதச் செய்து, அதே வகுப்பில் ஒலிக்கவிட்டுச் சரிபார்க்கச் செய்வதே முறை. பல இடங்களில் நடப்பதோ, முந்தைய ஆண்டு மாணவரின் நிரலைப் படியெடுத்து, வந்த வரைபடத்தை ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குவதுதான்.

பயிற்சிக்கான ஒலிகளுக்குச் சேலத்தில் பஞ்சமில்லை. விசைத்தறி ஓசையைக் கைபேசியில் பதிந்து வரலாம். தறி நிமிடத்துக்கு 120 முறை அடித்தால், அலைமாலையில் (எந்த அதிர்வெண் எவ்வளவு உள்ளது என்று காட்டும் வரைபடத்தில்) 2 ஹெர்ட்ஸ் இடைவெளியில் கோடுகளை எதிர்பார்க்க வேண்டும். கால் நொடித் துண்டை ஆராய்ந்தால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும்; பத்து நொடிப் பதிவில் பிரிந்து தெரியும். அடி சீராக விழாவிடில் உயர் அதிர்வெண்களில் கோடுகள் மங்கும். ஏன் மங்குகிறது என்று மாணவர் கேட்கும் இடத்தில் ஆசிரியர் சுண்ணக்கட்டியை எடுத்தாக வேண்டும்.

எட்டு மாதிரிகளிலிருந்து அலைமாலையைக் கணக்கிடும் எட்டுப் புள்ளி உருமாற்றத்தை மாணவர் கையால் போடட்டும். 1,024 புள்ளிகளுக்கு, நேர்வழியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்களும், ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி என்ற கணித அறிஞர்கள் 1965-இல் வெளியிட்ட விரைவு முறையில் 5,120 பெருக்கல்களும் ஆகும். அந்தப் பெரிய கணக்கு கணினியின் வேலை. செலவைக் காரணம் காட்டவும் வழியில்லை, இதற்கான கணக்கீட்டு மென்பொருள்களான ஆக்டேவ், சைலேப் ஆகிய இரண்டும் இலவசமே.

செய்முறைத் தேர்வில் கணினியைத் தொடுமுன் எழுதித் தரும் அந்தத் தாளுக்கும் மதிப்பெண் ஒதுக்குமாறு பாடத்திட்டக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மின்னணுவியல் விரிவுரையாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.