கோயில் மின்வேலை முடிந்தது: பழைய வயரை ஏன் மொத்தமாகக் கழற்றினோம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நம் மாரியம்மன் கோயில் திருப்பணியில் பாக்கி நின்ற மின்வேலையும் நல்லபடியாக முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கும் பில்களும் கோயில் ஆபீஸ் பலகையில் இருக்கின்றன, வந்து பாருங்கள். "எரிஞ்சிட்டிருந்த லைட்டுதானே, வயரை எதுக்குக் கழட்டணும்?" என்று பலர் கேட்டீர்கள். அதற்கான பதில்தான் இது.

ஒரு மின்காப்புப் பொருள் (வயர் உறை மாதிரி கரண்டைத் தடுப்பது) எத்தனை வோல்ட்டில் முறிகிறதோ, அதாவது தடுக்க முடியாமல் கரண்டை உள்ளே பாயவிடுகிறதோ, அதைத் தடிமனால் வகுத்தால் கிடைப்பது மின்காப்பு வலிமை. உலர்ந்த காற்றுக்கு மி.மீ.க்குச் சுமார் 3 கிலோவோல்ட். பி.வி.சி.க்குத் தயாரிப்பைப் பொறுத்து மாறும், 15 என்றே வைத்துக்கொள்வோம். இப்போது போட்டிருக்கும் 2.5 சதுர மி.மீ. வயரின் உறை 0.8 மி.மீ., பெருக்கினால் 12 கிலோவோல்ட். நம் கரண்ட் 230 வோல்ட் என்றாலும் அலையின் உச்சம் 325 வோல்ட்டைத் தொடும். அந்த உச்சத்தை வைத்துப் பார்த்தாலும் முப்பது மடங்குக்கு மேல் தாங்கும்.

ஆனால் இது புதிய, உலர்ந்த, ஓட்டையில்லாத உறைக்கான கணக்கு. உறையை இருமடங்கு தடிமனாக்கினால் தாங்கும் வோல்ட் இருமடங்காகிவிடாது, சூடும் ஈரமும் ஏறினால் வலிமை இன்னும் இறங்கும். கருவறைச் சுற்றில் இருந்ததோ துணி சுற்றிய பழைய ரப்பர் வயர். ரப்பர் காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள் காற்றும் அதன்மேல் விளக்குப் புகைக் கரியும் படிந்து கிடந்தன, அப்புறம் எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை ஈரம் வேறு. அந்த நிலையில் உறை முறிந்து பொறி பறக்கவே வேண்டாம், ஈரக் கரி வழியாகவே கரண்ட் கசிந்து கல்தூணுக்கு வந்துவிடும். அங்கே ஈரத் துணியோடு வெறுங்காலில் நிற்பது நம் பூசாரியும் தீர்த்தக்குடம் சுமக்கும் பெண்களும்தான். இதில் சிக்கனம் பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

500 வோல்ட் மெக்கர் (உறை கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்ததில் பழைய வயர் 1 மெகாஓம்கூடக் காட்டவில்லை. மெக்கர் காட்டுவது காப்புத் தடையை, முறிவு வோல்ட்டை அல்ல. ஆனாலும் கசிவைப் பிடிக்க அதுதான் வழி. புதிய வயரில் எல்லாச் சுற்றும் தேறிவிட்டன.

குழாய்க்குள் வயர், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், மெயின் போர்டு முன்னால் மின்காப்பு ரப்பர் விரிப்பு எல்லாம் போட்டாயிற்று. திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுகிறவர்கள் குழாயில் ஆணி அடிக்காதீர்கள், டேப் சுற்றிய ஜாயின்ட்டை மழையில் தொங்க விடாதீர்கள். ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை மாதாமாதம் அழுத்திப் பார்க்க ஒருவர் வேண்டும், யார் என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வோம்.